ஐகானா, கட்டளையா: ஒரு பிளான் ஆபீஸ் கேள்விக்கு நீண்ட பதில்

கேள்வி இதுதான்: "கட்டட பிளான் போடும் அலுவலகத்தில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. ஆட்டோகேடில் ஐகானைச் சொடுக்கித்தான் வரைகிறேன். சீனியர்கள் எல்லோரும் கீபோர்டில் கட்டளை அடிக்கிறார்கள், என்னைக் கேலி செய்கிறார்கள். காலேஜ் லேபில் லினக்ஸ் இருந்தது, அங்கேயும் இதே கதைதான். சக்தி வாய்ந்த மென்பொருள் என்றாலே கஷ்டமாகத்தான் இருக்க வேண்டுமா? எளிதாக இருப்பவை ஏன் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடுகின்றன?"

கஷ்டமாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் உங்கள் சீனியர் செய்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை வெறும் வேகம் என்று நினைத்தால் பாதிதான் பிடிபட்டிருக்கிறது.

நாளைக்கு அவர் சுவர் போடும்போது திரையை விட்டுவிட்டு அவருடைய இடது கையைப் பாருங்கள். 'ஓ' அடிப்பார் (ஆஃப்செட் கட்டளையின் சுருக்கம்; ஒரு கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு போடுவது). கட்டைவிரல் ஸ்பேஸ் பாரைத் தட்டும். 230, மில்லிமீட்டரில். மறுபடி ஸ்பேஸ். வலது கை அதற்குள் மவுஸைக் கோட்டின் மேல் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். கோட்டில் ஒரு சொடுக்கு, எந்தப் பக்கம் என்று காட்ட இன்னொரு சொடுக்கு. ஒன்பது அங்குலச் சுவரின் மறுபக்கக் கோடு விழுந்துவிடும். உள்சுவர் என்றால் 115. அதே கட்டளை திரும்ப வேண்டுமென்றால் வெறும் ஸ்பேஸ் போதும். இவ்வளவுக்கும் கண் வரைபடத்தை விட்டு நகர்ந்திருக்காது. நீங்கள் அதே நேரத்தில் மவுஸை மேலே தூக்கிக்கொண்டு போய், ஒன்றுபோல இருக்கும் ஐகான்களுக்கு நடுவே ஆஃப்செட்டைத் தேடிப் பிடித்து, திரும்ப அந்தக் கோட்டுக்கு வந்துகொண்டிருப்பீர்கள்.

இந்த வேகம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தெரியாதது, அவர் செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்பது. பெயர் இருந்தால் அதைக் காகிதத்தில் எழுதலாம், போனில் சொல்லலாம், திரும்பச் செய்யச் சொல்லிக் கம்ப்யூட்டரிடமே கொடுத்துவிடலாம். சைட்டில் இருக்கும் இன்ஜினியருக்கு ஃபைல் கனமாகி லேப்டாப் திணறுகிறது என்று வையுங்கள். "பர்ஜ் என்று அடிச்சு என்டர் தட்டு தம்பி" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஐகான் வழியாகச் சொல்லிப் பாருங்கள்: "மேலே இடது பக்கம் ஒரு சிவப்பு எழுத்து இருக்கும், அதைத் தட்டு, அப்புறம் கீழே வா, இன்னும் கீழே..." அவருடைய திரையில் அது அதே இடத்தில் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

கட்டளைகளை நோட்பேடில் வரிசையாக எழுதி எஸ்சிஆர் என்ற பின்னொட்டோடு சேமித்தால் ஆட்டோகேட் அதை ஸ்கிரிப்ட் என்று எடுத்துக்கொண்டு தானே ஓட்டும். ஒரு குடியிருப்புத் திட்டத்தில் நாற்பது ஷீட், எல்லாவற்றிலும் ஒரு லேயரின் பெயரை மாற்ற வேண்டும், சுத்தம் செய்து சேமிக்க வேண்டும் என்றால், ஸ்கிரிப்டை ஓடவிட்டு டீ குடிக்கப் போகிறவர் ஒருவர், மாலை ஏழு மணி வரை சொடுக்கிக்கொண்டிருக்கிறவர் இன்னொருவர். 1986-இல் ஆட்டோலிஸ்ப் என்ற நிரல்மொழி ஆட்டோகேடுக்குள் வந்த பிறகு, இருக்கிற கட்டளைகளைச் சேர்த்துப் புதுக் கட்டளையே செய்துகொள்ளவும் வழி பிறந்தது. 1982 டிசம்பரில் சாதாரண மைக்ரோகம்ப்யூட்டருக்காக வெளிவந்தபோது, பெரிய மினி கம்ப்யூட்டர்களில் கேட் (கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் முறை) நடத்திக்கொண்டிருந்தவர்கள் பொம்மை என்று சொல்லக்கூடிய நிலையில்தான் ஆட்டோகேட் இருந்தது. அது நிலைத்ததற்கு விலை ஒரு காரணம். பயனாளரே அதை நீட்டிக்கொள்ள முடிந்தது இன்னொரு காரணம் என்பது என் கணிப்பு.

இப்போது எஃப்2 விசையை அழுத்திப் பாருங்கள். கடைசியாக நீங்கள் செய்தவை எழுத்தில் வரிசையாக வரும். லைன் ஐகானைச் சொடுக்கிய இடத்தில், முன்னால் ஒரு அடிக்கோட்டுடன் 'லைன்' என்று இருக்கும். (அந்த அடிக்கோடு வேறொன்றுமில்லை. பிரெஞ்சு, ஜெர்மன் பதிப்புகளில் கட்டளைப் பெயர்கள் அந்தந்த மொழியில் இருக்கும். அங்கும் ஆங்கிலப் பெயர் செல்லுபடியாவதற்காக வைத்தது.) அதாவது நீங்களும் இத்தனை நாள் கட்டளைதான் கொடுத்துவந்திருக்கிறீர்கள், ஐகான் உங்களுக்காக அதைத் தட்டச்சு செய்தது. தட்டியதை மறைக்காமல் காட்டவும் செய்தது. நீங்கள்தான் கீழே பார்க்கவில்லை.

நான் இதைக் கற்றுக்கொண்டது டிபேஸ் என்ற பழைய தகவல்தள மென்பொருளில். 1990 வாக்கில் எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகளில் நாலு பெயர் தவறாமல் இருக்கும்: டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். டிபேஸ் த்ரீ பிளஸைத் திறந்துவிட்டு மெனுவிலிருந்து வெளியே வந்தால் திரையின் கீழே ஒரே ஒரு புள்ளி இருக்கும். அவ்வளவுதான். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் நீங்கள் எதையாவது அடித்தால்தான் உலகம் நகரும். பயந்தவர்களுக்கு அசிஸ்ட் என்று மெனு முறை ஒன்று வைத்திருந்தார்கள். அம்புக்குறியை நகர்த்தி எந்த ஃபைல், எந்த ஃபீல்டு, என்ன நிபந்தனை என்று தேர்ந்துகொண்டே போகலாம். போகப் போக, நீங்கள் அமைத்துக்கொண்டிருக்கும் கட்டளை திரையின் அடியில் சொல் சொல்லாக வளரும். ஒரு மாதம் மெனுவிலேயே ஓட்டினேன். பிறகு ஒருநாள் மெனு திறக்கும்வரை பொறுக்க முடியாமல் நேராகப் புள்ளிக்குப் போய் அடித்துவிட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கண் பார்த்ததைக் கை செய்தது. இவ்வளவு நாள் கழித்தும், எளிமையிலிருந்து சக்திக்குப் படிக்கட்டு கட்டிய மென்பொருள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அதே புள்ளியில் அடியும் வாங்கியிருக்கிறேன். ஒரு நூற்பாலையின் சம்பளக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது. டிபேஸில் 'டிலீட்' என்றால் பதிவின் மேல் ஒரு குறி மட்டும் விழும், 'ரீகால்' சொன்னால் திரும்பி வரும், 'பேக்' சொன்னால்தான் நிஜமாகவே போகும். 'ஜாப்' என்றால் மொத்தமும் போய்விடும், திரும்ப வராது. அழிப்பதற்கு முன் நிச்சயமா என்று ஒருமுறை கேட்கும். ஆனால் எனக்கு முன்னால் இருந்தவர், கேள்வி கேட்டுத் தொல்லை செய்கிறதே என்று புரோகிராமின் முதல் வரியிலேயே 'செட் சேஃப்டி ஆஃப்' போட்டிருந்தார். தற்காலிக ஃபைல் திறந்திருக்கிறது என்று நினைத்து ஜாப் அடித்தேன். திறந்திருந்தது அந்த மாதச் சம்பள ஃபைல். கேள்வி எதுவும் வரவில்லை. சத்தம்கூட இல்லை. புள்ளி மட்டும் வந்து நின்றது. போன சனிக்கிழமை ஃபிளாப்பியில் எடுத்த நகல் இருந்ததால் நாலு நாள் பதிவை மட்டும் ராத்திரி உட்கார்ந்து திரும்ப அடித்தோம். கட்டளைக்குக் கட்டுப்படும் கம்ப்யூட்டர் உங்கள் அறிவுக்கும் கட்டுப்படும், அறியாமைக்கும் கட்டுப்படும்.

சரி, லினக்ஸுக்கு வருவோம். அங்கே இருக்கும் கருவிகளின் முரட்டுத்தனத்துக்குப் பாதிக் காரணம் தத்துவம், பாதிக் காரணம் டெலிபோன் கம்பி. வீஐ என்ற எடிட்டரை (எழுத்து ஃபைலைத் திருத்தும் கருவி) 1976-இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதத் தொடங்கியபோது, வீட்டிலிருந்து டெலிபோன் கம்பி வழியாக 300 பாட் மோடத்தில் வேலை செய்தார். வினாடிக்குச் சுமார் முப்பது எழுத்து. எண்பது எழுத்து அகலம், இருபத்துநாலு வரி கொண்ட திரையை ஒருமுறை முழுக்க நிரப்பவே ஒரு நிமிடத்துக்கு மேலாகும். அந்த நிலையில் மெனுவை விரித்துக் காட்டுவது ஆடம்பரம். ஒரே எழுத்தில் கட்டளை, குறைந்த பதில், அதுதான் மரியாதை. கர்சரை நகர்த்த எச், ஜே, கே, எல் என்ற விசைகள் இருக்கின்றனவே, அது ஏதோ மேதையின் கணக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. பில் ஜாய் வைத்திருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் (திரையும் கீபோர்டும் சேர்ந்த கருவி) அம்புக்குறிகள் அந்த நாலு விசைகளின் மேல்தான் அச்சடித்திருந்தன. மோடம் போய்விட்டது, டெர்மினல் போய்விட்டது, விசை மட்டும் நிற்கிறது. வீஐயின் வாரிசான விம்மிலிருந்து வெளியே வருவது எப்படி என்ற கேள்வியை ஒரு புரோகிராமர் தளத்தில் 2017-க்குள் பத்து லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். உள்ளே போன பத்து லட்சம் பேருக்குக் கதவு தெரியவில்லை என்பதைச் சக்தியின் விலை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பெயருள்ள செயல்களை ஒன்றோடொன்று கோக்கலாம். 1973-இல் யூனிக்ஸ் குழுவின் டக் மெக்கில்ராயின் யோசனையால் பைப் வந்தது. ஒரு கட்டளையின் வெளியீடு அடுத்ததற்கு உள்ளீடாகிவிடும். 1986-இல் ஒரு பத்திரிகைப் பத்தியில், ஒரு உரையில் அதிகம் வரும் சொற்களைக் கண்டுபிடிக்கும் நிரலை கம்ப்யூட்டர் அறிஞர் டொனால்ட் கனூத் எழுதினார். அழகான வேலை, பல பக்கம். அதற்கு விமர்சனம் எழுதிய மெக்கில்ராய், பிரி, சிற்றெழுத்தாக்கு, அடுக்கு, எண்ணு, எண்ணிக்கைப்படி அடுக்கு, மேலே உள்ளதை மட்டும் கொடு என்று ஆறு கட்டளைகளைக் கோத்து அதே வேலையை முடித்துக் காட்டினார். புரோகிராமர்கள் இன்றும் ரசித்துச் சொல்லும் கதை இது. ஆனால் ஒன்று: அந்த ஆறு வரியைத் தமிழ்க் கட்டுரை ஒன்றின் மேல் ஓட்டினால் ஒரு சொல்லும் தேறாது. ஏ முதல் இசட் வரை மட்டும்தான் அதற்கு எழுத்து, மற்றதெல்லாம் இடைவெளி.

பர்சனல் கம்ப்யூட்டர் பக்கம் வேறு மாதிரி வளர்ந்தது. ஒர்க்ஸ்டேஷன் என்ற விலையுயர்ந்த அலுவலகக் கம்ப்யூட்டரை வாங்கியது நிறுவனம். பயிற்சிக்கு அனுப்பியதும் நிறுவனம். கஷ்டமாக இருக்கிறது என்று ஊழியர் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. ஜெராக்ஸ் ஸ்டார் என்ற ஒர்க்ஸ்டேஷன் 1981-இல் வந்தபோது ஒரு மேசைக்கு 16 ஆயிரம் டாலருக்கு மேல். மூன்று ஆண்டு கழித்து மெக்கின்டாஷ் 2,495 டாலருக்குக் கடையில் கிடைத்தது. கடையில் நின்று பத்து நிமிடம் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கிறவருக்கு, அந்தப் பத்து நிமிடம் இனித்தாக வேண்டும். ஆப்பிள் அதில் எவ்வளவு பிடிவாதமாக இருந்தது என்றால், முதல் மெக்கின்டாஷ் கீபோர்டில் கர்சர் அம்பு விசைகளே கிடையாது. மவுஸைத் தொடாமல் யாரும் தப்பிக்கக் கூடாது. அதற்கும் முன்பே ஜெராக்ஸ் ஆய்வகத்தில் வெட்டி ஒட்டும் முறையை வடிவமைத்த லாரி டெஸ்லர், ஒரே விசை வெவ்வேறு நிலையில் வெவ்வேறு வேலை செய்வதை வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். தன் காரின் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டிருந்தவர். வீஐ என்பது முழுக்க முழுக்க அந்த மோடுகளால் ஆனது. டெஸ்லரும் பில் ஜாயும் ஒரே கலிபோர்னியாவில் ஒரே பத்தாண்டில்தான் இருந்தார்கள்.

மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட்டே இந்தச் சண்டையில் எளிமைக் கட்சியில் இல்லை என்பது வேடிக்கை. 1968-இல் அவர் காட்டிய அமைப்பில் வலது கையில் மவுஸ், இடது கையில் ஐந்தே கட்டைகள் கொண்ட ஒரு சிறு விசைப்பலகை. கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் எழுத்து. பழகினால்தான் வரும். மூன்று சக்கர சைக்கிள் யாருக்கும் உடனே வரும், அதற்காகப் பெரியவர்கள் எல்லோரும் அதிலேயே ஆபீஸ் போவார்களா என்பது அவர் வாதம். உங்கள் சீனியரின் இடது கையைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஐந்து கட்டைகள்தான் நினைவுக்கு வரும்.

தமிழில் டைப் செய்கிறவர்கள் எல்லோரும் இந்தச் சைக்கிள் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறை முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். வணக்கம் என்று எழுத வி, ஏ, என், ஏ, கே, கே, ஏ, எம் என எட்டு தட்டு, நடுவில் ணகரத்துக்கு ஷிஃப்ட் வேறு. தமிழ்99 பலகையில் வ, ண, க, க, ம, புள்ளி: ஆறு. ககரம் இரண்டு தடவை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். பந்து என்றால் ப, ந, த, உ என்று நாலே தட்டு, நகரத்துக்கும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். நம் எழுத்து நடக்கும் விதம் அந்தப் பலகைக்குத் தெரியும். ஆனாலும் பெரும்பாலோர் ஆங்கில எழுத்து முறையில்தான் அடிக்கிறோம். முதல் வாரம் கை தடுமாறும், அந்த வாரத்தில் வேலை இருக்கும், சரி அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் இருபது வருடம் ஓடிவிடும். இதில் யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் மாறியதே என் நாற்பத்தைந்தாவது வயதில்.

எளிதானவை ஏன் கைவிடுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். எக்செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எளிமையும் சக்தியும் ஒன்றாக இருக்க முடியாது என்பவர்களுக்கு அதுவே பதில். பெட்டிக்கடைக் கணக்கும் போடலாம், அணைக்கட்டு மதிப்பீடும் போடலாம். அந்த வகையின் மூதாதையான விசிகால்க் 1979-இல் வந்தபோதே, கணக்கர்கள் புரோகிராம் எழுதுகிறோம் என்று தெரியாமலேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள். பி2 என்றால் ஒரு கட்டத்தின் பெயர் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் எளிமைக்காக எக்செல் ஒரு காரியம் செய்கிறது: நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று ஊகிக்கிறது. மரபணு ஆய்வாளர்கள் செப்டின் வகை மரபணு ஒன்றை செப்ட்2 என்ற சுருக்கப் பெயரில் அடித்தால் அது செப்டம்பர் 2 ஆகிவிடும். மார்ச்1 என்ற மரபணு மார்ச் 1 ஆகிவிடும். இது ஒன்றிரண்டு தாளில் நடந்த விபத்து கிடையாது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகச் சொன்னது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு தன் பக்கம் இறங்கிவந்து மரபணுக்களின் பெயரையே மாற்றியது. தானாக மாற்றுவதை நிறுத்தும் விருப்பத்தேர்வு எக்செல்லில் வந்தது 2023-இல்தான்.

அதே 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா நோயாளிகள் 15,841 பேர் தினசரிக் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றியிருந்தார்கள், அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. என் ஜாப் கதையில் வந்து நின்ற புள்ளியும் இதுவும் ஒன்றுதான். கறுப்புத் திரையில் நடந்தால் கட்டளை ஆபத்து என்கிறோம், பச்சைக் கட்டங்களில் நடந்தால் மனிதத் தவறு என்கிறோம்.

மறுபக்கம், சில கஷ்டங்கள் எந்தப் பலனும் தராதவை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பல ஆண்டுகள் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க மவுஸின் வலது பொத்தானை அழுத்த வேண்டும். உலகம் முழுக்க இடது பொத்தான், இங்கு மட்டும் வலது. பழகியவர்கள் அதற்கு ஆயிரம் நியாயம் சொல்வார்கள். 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பில் இடது பொத்தானுக்கு மாற்றினார்கள். சக்தி ஒரு துளியும் குறையவில்லை. வலதுதான் வேண்டும் என்பவர்களுக்கு அமைப்பில் ஒரு தேர்வு இருக்கிறது. ஆட்கள் மட்டும் கூடுதலாக உள்ளே வந்தார்கள். அதே பிளெண்டரில் இன்ஃபோ என்று ஒரு சாளரம் உண்டு. நீங்கள் மவுஸால் செய்வதில் பெரும்பாலானவை அங்கே பைத்தான் நிரல்மொழியின் வரியாக விழுந்துகொண்டே இருக்கும். அதை நகலெடுத்து ஸ்கிரிப்டில் ஒட்டலாம். டிபேஸின் அடிவரி முப்பது வருடம் கழித்து வேறு ஊரில் பிறந்ததுபோல இருந்தது எனக்கு.

ஆகவே நீங்கள் எந்த மென்பொருளைப் பார்த்தாலும் கஷ்டமா எளிதா என்று கேட்பதைவிட, நான் கண்ணால் பார்த்துச் செய்ததன் பெயரை இது எனக்குச் சொல்கிறதா என்று கேளுங்கள். சொல்கிறது என்றால் ஐகானிலேயே தொடங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் விழுங்கிவிடுகிறது என்றால், இரண்டு வருடம் கழித்தும் இன்று இருக்கும் அதே இடத்தில்தான் சொடுக்கிக்கொண்டிருப்பீர்கள். மொபைல் ஆப் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

உங்கள் நிலையில் நான் செய்யக்கூடியது: எல்லாக் கட்டளையையும் மனப்பாடம் செய்யக் கிளம்ப வேண்டாம். ஒரு நாள் மாலை எஃப்2 திறந்து எதை அதிகம் பயன்படுத்துகிறீர்கள் என்று பாருங்கள். லைன், ஆஃப்செட், ட்ரிம், காப்பி, மூவ் இந்த ஐந்துக்குள்தான் பெரும்பாலும் வரும். வாரத்துக்கு ஒன்று என்று எடுத்து அதன் ஐகானை மட்டும் தொடாமல் இருங்கள். மாதத்துக்கு ஒருமுறை தேடும் கட்டளைகளுக்கு ஐகானே நல்லது, உங்கள் சீனியரும் அதற்கெல்லாம் மெனுவுக்குத்தான் போவார், கவனித்துப் பாருங்கள். ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்தால் முதலில் நகல் ஃபோல்டரில் ஓட்டுங்கள். காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. ஆட்டோகேடின் சுருக்கப் பெயர்கள் எல்லாம் பிஜிபி என்ற பின்னொட்டுள்ள ஒரு சாதாரண எழுத்து ஃபைலில்தான் இருக்கின்றன. நோட்பேடில் திறந்து மாற்றலாம். சீனியரிடம் அவருடைய ஃபைலைக் கேளுங்கள். அப்படியே உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ள வேண்டாம், அது அவர் விரலுக்கு அமைந்தது. ஆனால் எந்தெந்தக் கட்டளைக்கு அவர் ஒற்றை எழுத்து வைத்திருக்கிறார் என்று பார்த்தாலே அந்த ஆபீஸில் நிஜமாக என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்துவிடும். கேலி செய்கிறவர் கொடுப்பாரா என்று யோசிக்காதீர்கள். அதைப் பற்றி இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவே மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள், உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவார்.